இரண்டாவது டிஸ்க்

நாகலூர்,
16.6.2024

அன்புள்ள அமுதா அக்காவுக்கு,

தங்கை சுதாராணி வணக்கம் சொல்லி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். பெரியம்மாவுக்கு மட்டும் மழை பிடித்ததிலிருந்து முழங்கால் வலி கொஞ்சம் கூடுதல். உங்களிடம் சொல்லக் கூடாது என்றிருக்கிறார், அதனால் தெரியாததுபோல் இருங்கள். நீங்களும் உங்கள் அத்தையும் வசந்த் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? திருச்செங்கோட்டு வெயில் பழகிவிட்டதா?

போன வாரம் நீங்கள் போனில் மெதுவாக, "என் போன் தண்ணித் தொட்டியில உழுந்து போச்சு கண்ணு. அத்தை போன்ல எத்தனை பேசறது? நான் வேலை பாக்கிற நர்சரி ஸ்கூல் விலாசத்துக்கு லெட்டர் போடு" என்றீர்கள். எனக்கு ஒரே சந்தோஷம். பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லித் தருகிறார்கள்தான். ஆனால் அங்கே தெருவிளக்கு கேட்டு அதிகாரிக்கு மட்டுமே எழுத வேண்டும்.

இங்கே முக்கியமான செய்தி, அப்பாவின் பெட்டி நிறைந்துவிட்டது. ஸ்டூடியோவில், அதாவது நம் முன்னறையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு இருக்குமே, அந்த நெட்வொர்க் டிரைவ். அப்பா எடுத்த கல்யாணம், காதுகுத்து, சீர் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. வயர் செருகாமல் வைஃபை வழியாகவே எங்கிருந்தும் திறக்கலாம். இப்போது புதிதாக ஒரு போட்டோகூட ஏற்க மறுக்கிறது. பழையதை அழிக்கலாமே என்றால் அப்பா கேட்பதில்லை. "நாளைக்கு எவனாச்சும் வந்து செத்துப்போன எங்கப்பன் நடந்து போறது இருக்குதான்னு கேப்பான் கண்ணு" என்கிறார். உண்மையாகவே செம்மநத்தத்திலிருந்து ஒருவர் அப்படிக் கேட்டு வந்திருந்தார்.

உங்கள் கல்யாண வீடியோ இன்னும் எடிட் ஆகவில்லை. ஆர்டர் கொடுத்தவர்களுடையது முதலில், சொந்த வீட்டுக் கல்யாணம் கடைசியில். எடுத்தது எடுத்தபடி அப்படியே கிடக்கிறது.

பெட்டியில் இன்னொரு டிஸ்க் போட ஓர் அறை காலியாக இருக்கிறது. அப்பா சேலத்தில் டிஸ்க் வாங்கி வருவார். போடுவது என் பொறுப்பு. ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. வைஃபையை இப்போது நம் லைனில், இந்த வரிசையில் இருக்கும் ஐந்து வீடும் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். வேலுசாமி மாமா வீட்டில் பெரிய டிவி வந்திருக்கிறது. சாயங்காலம் ஆனால் லைனே அங்கேதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
சுதா


திருச்செங்கோடு,
29.6.2024

சுதா கண்ணுக்கு,

அக்கா அமுதவல்லியின் அன்பு. நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் எனக்குத் தெரியாது, சரியா? தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை இடைவேளையில் படித்தேன். எல்.கே.ஜி. பிள்ளைகள் இரண்டு பேர் மடியில் ஏறி "மிஸ், யாரு மிஸ் எழுதினது?" என்று கேட்டுவிட்டார்கள். என் தங்கை, பெரிய விஞ்ஞானி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மாமா போர்வெல் லாரியோடு போய் மூன்று வாரம் ஆகிறது. சத்தீஸ்கரில் இருக்கிறார்கள். அவர் பெரியப்பா மகன் செங்கோடனும் அதே லாரியில்தான். உன் மாமாவுக்குப் பேச்சு திக்கும் என்பது உனக்குத் தெரியும். போனில் "சாப்ட்டியா" என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது. பரவாயில்லை. அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருக்கிறேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரிக்காதே.

எங்கள் வீடியோவுக்கு ஒன்றும் அவசரம் இல்லை. மெதுவாகவே செய்யச் சொல்.

சித்தப்பாவையும் சித்தியையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
அமுதா


நாகலூர்,
15.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நான் சௌக்கியத்துக்கும் மேலே! டிஸ்க் போட்டுவிட்டேன்.

டிஸ்க் பார்க்கச் சின்னதாக இருக்கிறது, கையில் எடுத்தால் இரும்பு கனம். பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து, காலி அறையின் தட்டை உருவி, டிஸ்க்கைத் திருகாணி போட்டுப் பொருத்தி உள்ளே தள்ளினேன். "டக்" என்று உட்கார்ந்தது. உடனே கம்ப்யூட்டரில் ஒரு கேள்வி வந்தது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சாமானைப் பிரதி எடுத்து வைக்கட்டுமா, இல்லை இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய இடமாக ஆக்கட்டுமா? பிரதி வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும் என்று கையேடு சொல்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "ஒரே சாமானை ரெண்டு எடத்துல வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எடந்தான் கண்ணு வேணும்" என்றார். சேர்த்துவிட்டேன்.

இடம் விரியும்போது மின்சாரம் நிற்கவே கூடாது, நின்றால் பழைய டிஸ்க்கில் உள்ளதும் போகலாம் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. விரிய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அன்றைக்கென்று மூன்று மணிக்கு இடி! நம் லைனைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? முதல் இடிக்கே ஐந்து வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். நான் பிளக்குக்கு முன்னால் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

"தள்ளு சாமி, இடி உழுந்தா எல்லாம் கருகிப் போயிரும்."

"புடுங்குனாலும் எல்லாம் போயிரும்மா!"

"புடுங்குனாலும் போவும், புடுங்காட்டியும் போவும்னா இது என்னடி சாமான்?"

நான் நகரவில்லை. இடி சேர்வராயன் மலைப் பக்கமாக நகர்ந்து காப்பாற்றியது. மறுநாள் காலையில் பார்த்தால் இடம் இரண்டு மடங்கு. பழையவை எல்லாம் வைத்தபடியே இருந்தன.

ஒரே ஒரு தொந்தரவுதான். விரிந்த பிறகு அப்பாவின் எடிட்டிங் கம்ப்யூட்டர் கேட்ட கடவுச்சொல்லைப் போட்டால் ஏற்கவில்லை. மாரமங்கலத்துக் காதுகுத்து ஆர்டர் அவசரமாக இருந்தது. அதனால் இப்போதைக்குக் கடவுச்சொல்லே வேண்டாம் என்று மாற்றிவிட்டேன். உடனே திறந்துகொண்டது. அப்பா, வந்து போகிறவர்களிடமெல்லாம் "எம்புள்ள போட்டதுங்க" என்று பெட்டியைக் காட்டுகிறார்.

இனி உங்கள் வீடியோதான் அடுத்தது. பெரியம்மா ஆசிர்வாதம் சொல்லச் சொன்னார்.

பெருமையுடன்,
சுதா


திருச்செங்கோடு,
27.7.2024

அன்புள்ள சுதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். டிஸ்க் விஷயத்தைப் படித்து நொம்ப சந்தோஷப்பட்டேன். சித்தியை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

ஒரு உதவி. எழுதவே கை கூசுகிறது.

கல்யாணத்தன்று விடிகாலையில் எனக்கு அலங்காரம் நடந்த அறையில் சித்தப்பா கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸைப் பார்க்கப் போனார். அது ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அப்போது நான் உன் மாமா பேசுவதுபோல் செய்து காட்டினேன். காலேஜ் பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் அறையில் இருந்தாய், அதனால் எந்த இடம் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்கு அவரைத் தெரியாது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெயரைச் சொல்ல அவர் பட்ட பாடு மட்டும்தான் தெரியும். ஏப்ரலில் ஊரில் இருந்தபோது ஒருநாள் இருவரும் பஸ்ஸில் போனோம். கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கண்டக்டர் வேறு ஊருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பின் சீட்டில் இரண்டு பேர் அவரைப் போலவே செய்து காட்டிச் சிரித்தார்கள். சுதா, அச்சாக நான் செய்த மாதிரியே இருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்த சீட்டிலேயே செத்துப் போகலாம் போல் இருந்தது.

எடிட் பண்ண உட்காரும் முன்பே அந்த இடத்தை அழித்துவிடு. சித்தப்பாகூடப் பார்க்க வேண்டாம். உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும்.

அக்கா


நாகலூர்,
1.8.2024
(இதை அனுப்பவில்லை)

அக்கா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?

ஞாயிறு அன்று நான் ஏற்காட்டு நூலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினேன். லைனில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லோரும் வேலுசாமி மாமா வீட்டு டிவி முன்னால் இருந்தார்கள். என்னைக் கண்டதும் மாமா, "வா சாமி, உங்கப்பன் சேனலு ஆரம்பிச்சுட்டாரு! எங்க டிவியில வருது பாரு!" என்றார். அப்பா மாரமங்கலம் போயிருந்தார், அதனால் கேட்க ஆள் இல்லை. பெட்டியின் பெயர் தானாகவே அந்த டிவியில் வந்து நின்றிருக்கிறது. அமுக்கியிருக்கிறார்கள், திறந்துகொண்டது. நான் கடவுச்சொல்லை எடுத்தபோது நம் வீட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் நினைத்தேன். அதே வைஃபையில் ஐந்து வீடு இருப்பது நினைவிலேயே இல்லை.

முதலில் எல்லோருடைய விசேஷமும் பார்த்திருக்கிறார்கள். அவரவர் ஆடியதைப் பார்த்து அவரவரே கைதட்டியிருக்கிறார்கள். பிறகு உங்கள் கல்யாணம். நான் போனபோது அந்த அறையில் நடந்தது இரண்டாம் தடவை ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மாவும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உங்கள் குரல் வந்தது, சிரிப்பு வந்தது. அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். "ஏன் சாமி, நல்லாத்தான இருக்குது?" என்றார்கள்.

நம் லைன் அற்புதம் அக்கா முதல் தடவை ஓடும்போதே போனில் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். "நம்ம அமுதா சிரிச்சுப் பாத்து எத்தனை மாசமாச்சு, அதான் கண்ணு" என்றார். அழுது கேட்டதும் எடுத்துவிட்டார். அதற்குள் யார் யார் பார்த்தார்களோ. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸுக்கு வழி சொல்ல, செங்கோடன் அண்ணன் நம்பரை வாங்கி வைத்திருந்தது அவர்தானே.

இதை எப்படி அனுப்புவேன்?


நாகலூர்,
4.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்ன இடத்தை அழித்துவிட்டேன். குப்பைத்தொட்டியிலிருந்தும் எடுத்துவிட்டேன். அப்பா பார்க்கவில்லை. பெட்டிக்குப் புதிய கடவுச்சொல் போட்டிருக்கிறேன், கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொண்டது.

மழை விடாமல் பெய்கிறது. காப்பிச் செடிகளில் பச்சைக் காய் பிடித்திருக்கிறது. காலாண்டுத் தேர்வுக்குப் படிக்கிறேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

சுதா


திருச்செங்கோடு,
30.8.2024

சுதா,

அவர் வீட்டுக்குப் போன் செய்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது என்று நினைத்தேன். அப்படி இல்லை. அத்தையிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். என்னைக் கேட்பதில்லை.

நேற்று செங்கோடனின் மனைவி வந்து, "உன் வீடியோ பாத்தேன். நல்லா நடிக்கிற" என்று சொல்லிவிட்டுப் போனாள். லாரியில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம்.

அழித்துவிட்டேன் என்று எழுதினாயே. எப்போது அழித்தாய்?

அமுதவல்லி


நாகலூர்,
3.9.2024

அக்கா,

வணக்கம் எழுதக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே அழித்தேன். ஆனால் அதற்கு மூன்று நாள் முன்னாலேயே லைனில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கடவுச்சொல்லை எடுத்தது நான். திரும்பப் போடாமல் மறந்ததும் நான். இடம் இரண்டு மடங்கு ஆனதிலேயே குதித்துக்கொண்டிருந்தேன். ஐந்து வீட்டு வைஃபை என்பதால் வேலுசாமி மாமா டிவியில் அப்பாவின் பெட்டி முழுக்கத் தெரிந்தது. அற்புதம் அக்கா ஸ்டேட்டஸில் போட்டார், உங்களைப் பார்த்த பாசத்தில் போட்டார். அவர் மேல் தப்பு இல்லை. இதெல்லாம் தெரிந்தும் நான் "அழித்துவிட்டேன்" என்று மட்டும் எழுதினேன். அந்தச் சொல் உண்மை என்பதால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். அப்பா திட்டவில்லை. ஸ்டூடியோ போர்டின் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். "ஊர்ல இருக்கற பொண்டு புள்ளைங்க என்னைய நம்பித்தான கேமராவோட உள்ள உட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

மாமாவுக்கு நானே எழுதி எல்லாவற்றையும் சொல்லட்டுமா? லாரி விலாசம் தெரியாது. நீங்கள் சரி என்றால் எழுதுகிறேன்.

சுதா


நாகலூர்,
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

செப்டம்பரில் எழுதியதற்குப் பதில் இல்லை. நடுவில் போட்ட தபால் அட்டை கிடைத்ததா? உடம்பு சுகம்தானே? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

தலைதீபாவளிக்கு நீங்கள் இருவரும் வருவீர்கள் என்று பெரியம்மா வேட்டியும் புடவையும் எடுத்துவிட்டார். உங்கள் அத்தையின் போனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார். "பாக்கலாம்" என்ற ஒரே பதில்தான். குழாயடியில் தினமும் யாராவது பெரியம்மாவிடம், "ஏனுங்க வள்ளியக்கா, மாப்பிள்ளை எந்த பஸ்ஸுக்கு வர்றாரு?" என்று கேட்கிறார்கள். கேலியாகக் கேட்கவில்லை, நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அதனால்தான் பெரியம்மா அங்கே போவதையே விட்டுவிட்டார். இப்போது தண்ணீர் பிடிக்க நான் போகிறேன்.

பெரியம்மா என்னை ஒன்றும் கேட்பதில்லை. முன்பு போலவே சாப்பிடக் கூப்பிடுகிறார். என் தட்டில் சோறு போடும்போது என் முகத்தையே பார்க்கிறார்.

வாருங்கள் அக்கா. என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றால் அந்த இரண்டு நாளும் நான் செம்மநத்தத்தில் தோழி ஷெர்லின் வீட்டில் இருந்துகொள்கிறேன்.

சுதா


திருச்செங்கோடு,
17.11.2024

சுதாராணிக்கு,

வசந்த் எழுதுவது. நானும் அமுதாவும் அம்மாவும் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உனக்கு நான் எழுதுவது முதல் தடவை. எழுத்தில் நான் வேகமாகப் பேசுவேன், பயப்படாதே.

செங்கோடன் போனைக் காட்டியபோது ராய்ப்பூருக்கு வெளியே ஒரு காட்டில் துளை இறக்கிக்கொண்டிருந்தோம். ரிக் இயந்திரத்தின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாயை மட்டும் பார்த்தேன். சத்தம் இல்லாமலே யாரைச் செய்து காட்டுகிறாள் என்று தெரிந்துவிட்டது. அந்த வாயைச் சின்ன வயதிலிருந்து பல முகங்களில் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

வீட்டுக்குப் போன் செய்யும்போது அவளிடம் பேச நினைப்பேன். வாயைத் திறந்தால் அந்த வீடியோதான் ஞாபகம் வரும். அவள் செய்து காட்டியதை நானே திரும்பச் செய்து காட்டுவதுபோல் இருக்கும். அதனால் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தேன். அமுதா எதையும் சமாளிக்கவில்லை. "ஆமாங்க, நான்தான் செஞ்சேன்" என்றாள். அப்புறம் பஸ்ஸில் நடந்ததைப் பற்றிச் சொன்னாள். உன் கடிதங்களையும் எடுத்து முன்னால் வைத்தாள். தலைதீபாவளிக்கு வராதது என் முடிவு, அவள் மேல் போடாதே. லைனே பார்த்துச் சிரித்த பிறகு புது வேட்டி கட்டி அங்கே நடக்க என்னால் முடியவில்லை. உங்கள் பெரியம்மாவை அது எவ்வளவு தலைகுனிய வைக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. அதற்கு எனக்கும் வெட்கம்தான்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். அன்றிரவு ரிக் நின்ற பிறகு அதைச் சத்தத்தோடு மறுபடி பார்த்தேன். வீடியோவில் அவள் ஒரு தடவை செய்துவிட்டு, "போதும்டி, பாவம்" என்று நிறுத்துகிறாள். அப்போது ஒரு குரல், "இன்னொருக்கா அக்கா, இன்னொருக்கா" என்கிறது. அப்புறம்தான் இரண்டாம் தடவை செய்கிறாள். அது யார் என்று அமுதாவிடம் கேட்டேன். "யாரோ காலேஜ் புள்ளைங்க" என்றாள்.

கல்யாணத்தன்று பந்தியில் என் பக்கத்து இலையில் நீ உட்கார்ந்தாய். எத்தனை அடியில் தண்ணீர் வரும், வருவது முன்னாலேயே எப்படித் தெரியும், பாறை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அன்று முழுக்க என்னிடம் கேள்வி கேட்ட ஒரே ஆள் நீதான். அந்தக் குரலை மறப்பேனா?

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். கடவுச்சொல் இருக்கிறது, டிவி இருக்கிறது, அற்புதம் இருக்கிறார். அந்தக் குரல் மட்டும் இல்லை.

கோபத்தில் எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் எழுதினேன். நன்றாகப் படி.

வசந்த்


நாகலூர்,
8.12.2024

வசந்த் மாமாவுக்கும் அமுதா அக்காவுக்கும்,

வணக்கம். எல்லோரும் நலம்.

அந்தக் குரல் என்னுடையது. அக்கா நிறுத்திய பிறகு கேட்டது நான். பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது அதற்குச் சில மணி நேரம் கழித்து. காலையில் சிரித்ததும் நான்தான், மதியம் கேள்வி கேட்டதும் நான்தான். அன்று இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கவே இல்லை. இப்போது இடிக்கிறது.

மாமா, உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் பேனாவைத் தொட முடியவில்லை. பிறகு லைனில் வீடு வீடாகப் போனேன். இன்னும் யார் போனிலாவது அது இருந்தால் அழிக்கச் சொல்லிக் கேட்டேன். அதோடு, "அக்கா நிறுத்திட்டாங்க, மறுபடி செய்யச் சொன்னது நான்" என்றும் சொன்னேன்.

வேலுசாமி மாமா, "அட, சிரிச்சதுக்கெல்லாம் ஊடு ஊடாப் போயி பஞ்சாயத்தா சாமி? போயி பாடத்தைப் படி" என்றார். நான் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே போனை எடுத்துவந்து, "எங்க இருக்குதுன்னு எனக்குத் தேடத் தெரியல, நீயே அழிச்சுரு" என்றார். அவர் போனிலும் இருந்தது. அற்புதம் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தானும் அழுதார்.

பெரியம்மாவிடம் கடைசியாகப் போனேன். பயத்தில்தான் கடைசி. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன். முறத்திலிருந்து கையை எடுக்காமல், "உன் சத்தம் எனக்குத் தெரியாதாடி? அன்னிக்கு டிவியிலயே கேட்டுட்டேன். நீயா வந்து சொல்லுவீன்னு பாத்துட்டிருந்தேன். நாலு மாசம் என் கையில சோறு வாங்கித் தின்ன. ஒருநாளாச்சும் சொல்லுவ, ஒருநாளாச்சும் சொல்லுவன்னு பாத்தேன்" என்றார்.



அன்று ராத்திரி சாப்பிட நான் போகவில்லை. பெரியம்மாவே தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சோத்து மேல என்ன கோவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா மறுபடியும் ஆர்டர் எடுக்கிறார். இப்போதெல்லாம் அலங்கார அறைக்குள் போகும் முன் கேமராவின் சிவப்பு விளக்கைப் பெண்வீட்டாரிடம் காட்டி, இது எரிந்தால் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். பெட்டியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி அறையும் தனித்தனிக் கடவுச்சொல்லும் போட்டிருக்கிறேன். செய்ய ஒரு வாரம் ஆனது. ஜூலையிலேயே செய்திருக்கலாம்.

பொங்கலுக்கு வாருங்கள் என்று அழைக்க எனக்கு வாயில்லை. பெரியம்மா அழைக்கச் சொன்னார். அதனால் அழைக்கிறேன்.

சுதாராணி


திருச்செங்கோடு,
4.1.2025

சுதாவுக்கு,

சுகம். பொங்கலுக்கு முந்தின நாள் மதியம் ஏற்காட்டிலிருந்து நாகலூர் பஸ்ஸில் வருகிறோம். டிக்கெட் அவரே கேட்டு வாங்குவாராம். நான் வாயைத் திறக்கக் கூடாதாம்.

உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்வோம். "போதும்டி" என்று சொன்ன வாயால்தானே இரண்டாம் தடவையும் செய்தேன். அந்தக் கணக்கு என்னுடையது, அதை நீ எடுத்துக்கொள்ளாதே. எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதே. நேற்று இரவு சாப்பிடும்போது அவர் ரிக்கைப் பற்றி ஒரு பெரிய கதை சொன்னார். சொல்லி முடிக்கும்போது ரசம் ஆறிவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அம்மாவிடமும் லைனிலும் ஒன்று சொல்லிவை. யாரும் அவரிடம் மன்னிப்பு கேட்டு நிற்க வேண்டாம், நீயும் கேட்காதே. அவர் பேச ஆரம்பித்து வார்த்தை நின்றால், யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். நல்லது செய்வதாக நினைத்து எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். உனக்கு அவசரம் அதிகம், நீதான் முதலில் செய்வாய். கையைக் கட்டிக்கொண்டு நில். அவரே முடிப்பார்.

அக்கா